புது கியர் பாக்ஸுக்குள் பழைய தூள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மெக்கானிக்கிடம் பேசி முடித்து, போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"காருக்குப் போட்ட புது கியர் பாக்ஸும் போச்சு. உள்ளார பழசோட இரும்புத் தூள் கெடக்குதாம்."

"புதுசுக்குள்ள பழைய தூள் எப்படிங்க போகும்?"

எனக்கும் அதுதான் புரியவில்லை.

"ஆட்டோமேட்டிக் வண்டியில கியர் எண்ணெய் ரேடியேட்டர்கிட்ட இருக்கற கூலருக்குப் போயி, சூடு ஆறித் திரும்பி வருமாம். அந்த பைப்பக் கழட்டி பக்கெட்டுல உட்டு, இஞ்சின ஓட்டிப் பாத்திருக்கறான் மெக்கானிக். எண்ணெய் நூலாட்ட வருதுங்கறான். கூலருக்குள்ள பழசோட தூள் அடச்சுக் கெடக்குதாம்."

"நூலாட்ட வந்தா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"கெட்டதாம். கொடகொடன்னு ஊத்தோணுமாம்."

"எண்ணெய் ஊத்துனா நல்லதுங்களா!"

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார்.

"ஏனுங்க, பழைய கோழிய லாரியில ஏத்தி உட்டப்பறம், தண்ணி பைப்பக் கழுவாமயா நம்ம பண்ணையில புதுக் குஞ்சு உடறோம்? பைப்புல நிக்கற சீக்கு குஞ்சுக்கு வந்துருமில்லீங்க. அதாட்டந்தானுங்களே இது?"

"அதாட்டந்தான்."

"அப்பறம் அந்த மெக்கானிக் ஏனுங்க கூலரக் கழுவல?"

அவர் குரலைத் தணித்தார். "கழுவோணும்னுதான் சொன்னான். கியர் பாக்ஸ் மாத்தறதுக்கு ரேடியேட்டர்கிட்ட என்ன வேலைன்னு நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

பேருந்து மல்லூரைத் தாண்டியது. பிறகு அந்த அம்மா மெல்லக் கேட்டார்:

"நாளைக்குக் குஞ்சு வருதுங்களே. தண்ணி பைப்பக் கழுவச் சொல்லிப்போட்டீங்களா?"

அவர் மறுபடியும் போனை எடுத்தார்.