கசியவில்லை, களவு போகிறது

மிளகு நெடி எனக்கு ஆகாது, தும்மல் பிடித்துக்கொள்ளும். அதனால் மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு மிளகு ஆலைக்கு நான் அதிகம் போனதில்லை. எந்தத் தொழில்நுட்பம் கட்டுப்படியாகும் என்று நாமக்கல்லில் உட்கார்ந்து மதிப்பிட்டுச் சொல்வதுதான் என் தொழில். போலீஸ்காரரான உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

மிளகிலிருந்து எசென்ஸ் எடுக்க இரண்டு வழி. பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும் ஹெக்சேனில் ஊறவைப்பது ஒன்று. கரியமில வாயுவை அழுத்திச் செலுத்துவது இன்னொன்று. தீப்பிடிக்காது, ஆனால் இயந்திரம் யானை விலை. நான் ஹெக்சேன் என்றேன். ஆலை இன்ஜினியர் வித்யாஸ்ரீ, நேற்று படித்து முடித்த பெண், முதலாளி அர்த்தநாரி முன்னாலேயே என்னை மறுத்துப் பேசினாள். ஹெக்சேன் நான் சொல்வதைவிட அதிகம் வீணாகும், அப்போது என் மதிப்பீடே கவிழும் என்றாள். முதலாளி என் பக்கம் நின்றார். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்காது, மறைப்பானேன்.

ஆலை ஓடத் தொடங்கியதும் ஹெக்சேன் குறைந்துகொண்டே வந்தது. அவள் போன் செய்தாள்.

"சார், தொட்டிக்கு அடியில குழாய் கசியுதுங்க. ஆலைய நிறுத்திப் பாக்கணுங்க."

"கசியல கண்ணு, களவு போகுது" என்றேன்.

நேரில் போய்ப் பார்த்தேன். கசிந்துகொண்டுதான் இருந்தது. ஒத்துக்கொண்டால் அவள் ஜெயித்துவிடுவாள். வேலைக்கு வரும் மலைக்காரப் பெண்கள் திருடுகிறார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். உடனே நம்பினார். மலைக்காரர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் எங்கள் கீழ்நாட்டில் நம்புவார்கள். ஜன்னல்களை அடைக்கவும் பின்கதவைப் பூட்டவும் சொன்னேன். வித்யாஸ்ரீயைச் சேலம் ஆபீசுக்கு மாற்ற வைத்ததும் நான்தான்.

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இயந்திரங்களை நிறுத்திக் கழுவிச் சந்தனம் வைத்திருந்தார்கள். காற்றை வெளியேற்றும் விசிறியும் நின்றிருந்தது, அதற்கும் ஒரு பொட்டு. வாசலிலேயே ஹெக்சேன் நெடி மூக்கில் ஏறியது. தினமும் முகர்ந்து பழகியவர்களுக்கு அது தெரியவில்லை. வித்யாஸ்ரீ இருந்திருந்தால் தீப்பெட்டியை உள்ளே விட்டிருக்க மாட்டாள். பெருமாயி என்ற வேலைக்காரி தட்டில் சூடத்தோடு நின்றாள். திருடி என்று நான் பழி போட்டவர்களில் அவளும் ஒருத்தி. தெரிந்தும் முகம் கோணாமல் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உள்ள வாங்க. சாமி கும்பிட்டுப் போலாமுங்க."

சூடத்தை வெளியே ஏற்றச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். கசிவு என்று என் வாயால் சொல்ல வேண்டி வரும்.

"போன் வருது, நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தேன். போன் எதுவும் வரவில்லை.

தீப்பிடித்து வாசலை மறித்ததும் பின்கதவை உள்ளேயிருந்து தட்டினார்கள். சாவி கீழே முதலாளி வீட்டில் இருந்தது. கொஞ்ச நேரம் தட்டினார்கள், பிறகு நின்றுவிட்டது. பெருமாயியோடு சேர்த்து நான்கு பேர்.

கசிவு எனக்குத் தெரியும். சூடம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மதிப்பீட்டை மட்டும் தப்பென்று எழுதாதீர்கள். அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஹெக்சேன்தான் கட்டுப்படியாகிறது.