மருதாணி நகம்

மேலப்பாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மோதிரவிரலில் கட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுல நசுங்கி நகம் முழுசாப் பேந்துட்டு லாத்தா. அதையும் துணியில சுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.”

“பேந்த நகத்தையா? அது எதுக்குட்டி?”

“மச்சான் துபாய்க்குப் போறதுக்கு முந்துன நாள், அவுக கையாலயே மருதாணி வச்சுவிட்டாக. நுனியில இன்னும் செவப்பு இருக்கு.”

“டாக்டர் என்ன செஞ்சாரு?”

“கழுவி, அதே எடத்துல வச்சுத் தச்சுட்டாரு. அடியில புது நகம் வளந்ததும் இது தானா விழுந்திருமாம்.”

“பைய வளந்திரும். கவலப்படாத.”

அவள் கட்டை மறு கையால் பொத்திக்கொண்டாள்.

“பையவே வளரட்டும் லாத்தா. மச்சான் வார வரைக்கும் இது கெடக்கட்டும்.”