சாவி போன வழி

இந்த அறையின் கதவு நிலையில் சரியாகப் பொருந்தவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. மேல் கீல் தளர்ந்திருக்கிறது. ஒரு தச்சரை அழைத்துத் திருகாணியை மாற்றச் சொன்னால் இந்தக் கிறீச் சத்தம் நின்றுவிடும். கதவு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

கேட்டதற்கு வருகிறேன். என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. எங்கள் குடும்பத்தில் அதை வெளியே சொல்வதில்லை. அப்பா அவளை என் பொறுப்பில் விட்டுப் போனார். நானும் ஒரு குறையும் வைக்கவில்லை. மாடியில் நல்ல வெளிச்சமான அறை. வேளை தவறாமல் மாத்திரை. என் மனைவி இறந்த பிறகு மகளைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான்.

முதலில் விருந்தினர் வரும்போது மட்டும் அறையிலேயே இருக்கச் சொல்வேன். பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், யார் எந்த நேரத்தில் படியேறுவார்கள் என்று சொல்ல முடியாத நிலை. கதவில் பூட்டுப் பதித்தேன். சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும் போதும் என்று தச்சரிடம் சொன்னேன். உள்ளே இருப்பவளுக்கு எதற்குச் சாவி? சின்னச் சாவிதான். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது.

அதைச் சிறை என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டிருந்தால் திறந்துவிட்டிருப்பேன். அவள் கேட்டதில்லை. கொஞ்ச காலம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நல்ல இடம். எல்லாம் பேசியாகிவிட்டது, இரு வீட்டாரும் நேரில் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி. குளித்துவிட்டு வந்து பையைத் தொட்டால் சாவி இல்லை. மாடிக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. தங்கை நல்ல உடை உடுத்தி, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூடிய கைக்குள் சாவி.

"குடு," என்றேன்.

"ஓரமா உக்காந்து பாத்துட்டு வந்துடறேன் அண்ணா. நான் தூக்கி வளத்த பொண்ணு."

"நடுவுல விழுந்து வச்சா?"

"விழுந்தா தூக்கிவிடு. அண்ணன்னு எதுக்கு இருக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு.

"அவங்க வர்ற நேரம். விளையாடாத. சாவியக் குடு."

"குடுத்தா பூட்டுவ. இப்பப் பூட்டு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு, மாத்திரை போடுவதுபோல் சாவியை நாக்கில் வைத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

துப்பச் சொன்னேன். கழுத்தைப் பிடித்தேன். சாவி உள்ளே இறங்கிவிடக் கூடாதே என்றுதான் பிடித்தேன்.

பிறகு அவளைப் படிக்கட்டின் அடியில் கிடத்தினேன். வலிப்பு வந்து விழுந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை காலம் மறைத்த நோயை என் வாயாலேயே, அதுவும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொன்னேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று உங்களுக்குப் புரியாது.

மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பில் கத்தி படக் கூடாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. பிணவறை வராந்தாவில் நிமிர்ந்து நின்று, நாங்கள் யார் என்பதை எடுத்துச் சொன்னேன். வெட்டினால் சாவி கிடைத்துவிடுமே என்ற எண்ணமும் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. அந்த இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது புரியுது ஐயா. இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடறோம். உடம்புல ஒரு கீறல் விழாது."

கத்தியைத்தானே வேண்டாம் என்றேன்? இனி எந்த முகத்தோடு இதையும் மறுப்பது? சுற்றிலும் சொந்தக்காரர்கள். "மாமா பேச்சுக்கு இங்கயும் மரியாதை இருக்கு பாத்தியா," என்று என் மைத்துனர் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார். நான் சம்மதமாகத் தலையசைத்தேன்.

மறுநாள் மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். நீங்களும் சுவரோரம் நின்றிருந்தீர்கள். திரையில் என் தங்கை சாம்பல் நிறமாக இருந்தாள். மருத்துவர் விரலை நகர்த்த நகர்த்த, வெட்டாமலே ஒவ்வோர் அடுக்காகத் திறந்துகொண்டு போனாள். நாக்கின் அடியில் இருக்கும் சிறு எலும்பு ஒடிந்திருந்தது. படியில் உருண்டால் அது ஒடிவது அபூர்வமாம். பிறகு வயிற்றுப் பக்கம் வந்தார். அங்கே அது மட்டும் வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் கதிர் அடிக்கக் கிடந்தது. அதன் பற்களைக்கூட எண்ணிவிடலாம்.

"இது என்னன்னு தெரியுதா ஐயா?"

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அந்தப் படத்தை வைத்தே பிளாஸ்டிக்கில் ஒரு சாவி செய்து, என் வீட்டு மாடிக் கதவில் போட்டுத் திருப்பினீர்கள். பூட்டு எந்தத் தடையும் இல்லாமல் திரும்பியது. நல்ல பூட்டு.

சாவியை வெளியே எடுக்கத்தான் கழுத்தைப் பிடித்தேன் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். அதற்கு மருத்துவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"தொண்டையில மாட்டியிருந்தா நம்பலாம் ஐயா. வயித்துல இல்ல இருக்கு?"

சரி. விழுங்கியதும் அவள் வாயைத் திறந்து காட்டினாள். மருந்து சாப்பிட்ட குழந்தைகள் காட்டுமே, அதுபோல. உள்ளே ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பிடித்தேன். கை காலை உதறினாள். எனக்கு அது பழகியதுதான். எப்போதும்போல் அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, அதை அத்தை கையில் கொடுத்தது தான்தான் என்று என் மகள் உங்களிடம் சொன்னாளாம். நம்பாதீர்கள். நான் அவளை அப்படி வளர்க்கவில்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. கையெழுத்துப் போடுகிறேன். பூட்டி வைத்திருந்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.