இப்பவா, அப்புறமா?

...இந்தா, மறுபடியும் வந்துடுச்சு! மூணு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள! நீங்க திரும்பாதீங்கண்ணே. தாடையை அந்தக் கண்ணு பாக்குற மெஷின் கிண்ணத்துல வைங்க, நெத்தியைப் பட்டையில நல்லா ஒட்டுங்க. உள்ள ஒரு ரோடு தெரியுதா? ரோட்டுக் கடைசியில ஒரு பலூன்? அதையே பாருங்க. பேசக் கூடாது, பேசினா நம்பர் மாறிடும். நான் பேசலாம், நான் இந்தப் பக்கம்தானே இருக்கேன்.

என்னவா? இந்தக் கம்ப்யூட்டர்தாண்ணே. புது அப்டேட் வந்திருக்காம். "இப்ப போடவா, அப்புறம் போடவா"ன்னு ஒரு பொட்டி நட்ட நடு ஸ்கிரீன்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குது. ஏழு மாசமா "அப்புறம்", "அப்புறம்"னு அமுக்கி அமுக்கி மௌஸே தேஞ்சு போச்சு. இன்னிக்குப் பாத்தா, "அப்புறம்"கறதையே காணோம்! நாலு மணிக்கு நானே போட்டுக்குவேன், இல்ல நீயா இப்பவே போடு... இவ்வளவுதான் சொல்லுது. நான் வாங்கி, நான் துடைச்சு, நான் உறை தச்சுப் போட்ட கம்ப்யூட்டர், எனக்கே கெடு வைக்குதுண்ணே! இப்ப மணி என்ன... மூணு இருபத்தஞ்சு. ம்.

போடலாமா வேண்டாமான்னு கேக்காத ஆளு இல்ல. சிஸ்டம் மெக்கானிக் என்ன சொல்றாரு தெரியுமா? "அக்கா, போடுறது நல்லது. போடாட்டியும் இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. போட்டா எதாவது ஆகலாம். ஆனா போடுறது நல்லது." இதைச் சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு! எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, "போட்டுத் தொலையேன்"ங்கறாரு. அவரு போன்ல வந்த அன்னிக்கே போட்டாரு. இப்ப என்னாச்சு? போன் அடிச்சா பச்சை பட்டன் எங்கன்னு தெரியாம கண்ணாடியைத் தொடைக்கிற மாதிரி தடவிக்கிட்டே இருப்பாரு, அதுக்குள்ள கட் ஆயிடும். அவரு எனக்கு யோசனை சொல்றாரு!

கண்ணைச் சிமிட்டிக்குங்க. ம், இப்ப பலூனைப் பாருங்க.

என் பயம் என்னன்னா, பதினொரு வருஷமா இந்தக் கடைக்கு வந்த அத்தனை பேர் கண்ணும் இதுக்குள்ளதாண்ணே இருக்கு. எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவரு, எப்ப கூடுச்சு, எல்லாம். உங்களுதும் இருக்கு. நீங்க பஸ் ஓட்ட ஆரம்பிச்ச வருஷத்துலேருந்து இருக்கு. அப்டேட் போட்டு அதெல்லாம் அழிஞ்சா? நாளைக்கு ஒருத்தர் வந்து, "வழக்கமா போடுறதையே போடுங்கம்மா"ன்னா நான் எங்க போவேன்?

சும்மா சொல்லலை, பட்டிருக்கேன். பின்னறையில ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல, லென்ஸை ஃபிரேம் அளவுக்கு வெட்டுற மெஷினோட சேர்ந்தது? அதுல அப்டேட் போட்டு, விடிஞ்சு பாத்தா மெஷினை அதுக்கு அடையாளமே தெரியலை! பதினொரு வருஷமா ஒரே ஒயர்ல கட்டிக்கிட்டுக் கிடந்ததுங்க, "யாரு நீ?"ங்குது. ஒண்ணரை நாள் ஒரு லென்ஸ் வெட்ட முடியலை. பரீட்சைக்குப் போற பொண்ணு ஒருத்தி ஒடைஞ்ச கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிட்டு வந்து நிக்குது. எனக்கு வந்துச்சே கோவம்!

யார்மேலயா? எல்லாம் என் தங்கச்சிமேலதான். உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த நாற்காலியில உக்காந்து கண்ணு பாக்குறவ. முறையாப் படிச்சவ. வாயைத் திறந்தா "இது தெளிவா, அது தெளிவா?", அவ்வளவுதான் பேச்சு. என்னை மாதிரி இல்ல. நாலு கஸ்டமர் நிக்கிறாங்க, அவங்க முன்னாடியே பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். "உன்னை யாருடி கை வைக்கச் சொன்னது? புதுசு புதுசுன்னு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணுமா?" அப்படி இப்படின்னு... இன்னும் என்னென்னவோ. அவ என்ன பண்ணா தெரியுமாண்ணே? கையில இருந்த லென்ஸைத் துணியால துடைச்சு டப்பாவுல வச்சா, வெள்ளைக் கோட்டைக் கழட்டி மடிச்சு நாற்காலிமேல வச்சா, செருப்பை மாட்டுனா, போயிட்டா. இன்னியோட பத்தொம்பது நாளு.

இப்ப கேள்விப்படுறேன், ஆஸ்பத்திரிக்கு எதிர்ல புதுசா ஒரு கண்ணாடிக் கடை திறந்திருக்கான்ல, திங்கக்கிழமை அங்க சேரப் போறாளாம். எங்கிட்ட சொல்லலை. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கா. பாருங்க, அந்தப் போன்ல அவருக்குப் பச்சை பட்டன் அன்னிக்குன்னு பாத்து கிடைச்சிருக்கு!

ஆங், நம்பர் வந்துடுச்சு. தாடையை எடுத்துக்கலாம். எங்க... போன வாரம் ஒரு நம்பர், முந்தாநாள் ஒரு நம்பர், இன்னிக்கு ஒண்ணு. மூணும் மூணு திசையில போகுதே! அதான் நான் போட்டுக் குடுத்த கண்ணாடியில உங்களுக்குப் படிக்கட்டு பள்ளமாத் தெரிஞ்சிருக்கு. மன்னிச்சுக்குங்கண்ணே, மூணு தடவை அலைய விட்டுட்டேன். எனக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டத் தெரியும், மூக்குல உக்கார வைக்கத் தெரியும், பேசத் தெரியும். இது வராது. அவ இதே மெஷின்ல ஒரே தடவைல பாத்துடுவா.

என்ன கேட்டீங்க? அந்த அப்டேட்டை அவதான் போட்டாளான்னா? பின்ன வேற யாரு... கடையில இருக்குறது ரெண்டே பேரு. அவதானே இதெல்லாம் புரிஞ்சவ... பாத்தேனான்னா, பாக்கலை. பாக்கணுமா என்ன...

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? பார்வை மங்கின கண்ணுன்னு பேரு, இந்தப் பார்வை பாக்குறீங்க!

...சரி. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முந்தின நாள் சாயங்காலம் அவ சீக்கிரம் கிளம்பிட்டா, அவ பொண்ணுக்குப் பல்லு வலி. நான் ஒருத்திதான். பின்னறையில நின்னுக்கிட்டு, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, ஒரு கஸ்டமரோட கண்ணாடியில மூக்குல உக்கார்ற பட்டை விஷயமா சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். அந்தாளு பில் தேதி கேக்குறாரு, பில்லுமேல இந்தப் பொட்டி வந்து உக்காந்துக்கிச்சு. போ அந்தப் பக்கம்னு எதையோ ஒண்ணை அமுக்குனேன். எதை அமுக்குனேன்னு யாரு பாத்தா? ஸ்கிரீன் நீலமாச்சு. மூடுது போலன்னு நான் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

இல்லண்ணே, காலையில அவளைத் திட்டும்போது ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் கூட்டிக்கிட்டிருக்கும்போதுதான் சுரீர்னுச்சு. துடைப்பத்தோட அப்படியே நின்னுட்டேன். அவ கோட்டு எதிர்ல நாற்காலியில இருக்கு. அப்பவே ஓடியிருக்கணும். நாளைக்குச் சொல்லிக்கலாம், அவளே வருவால்ல, வந்தா சொல்லிக்கலாம்னு... நாலு பேர் முன்னாடி கத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே போறது? சின்னப் பிள்ளையில நான் பூச்சாடியை ஒடைச்சாலும் அவதான் அடி வாங்குவா. இப்ப எனக்கு நாப்பத்தாறு வயசு.

என்னது? போன் பண்றதா? இப்பவேவா? அண்ணே, கஸ்டமர் நீங்க உக்காந்திருக்கீங்க... நீங்க எங்கயும் போகலையா. டூட்டி அஞ்சரைக்குத்தானா. ...சரி. சரி, பண்றேன்.

ஹலோ... நான்தான்டி. ...வைக்காத, வைக்காத! ஒரே ஒரு விஷயம். பொண்ணுக்குப் பல்லு எப்படி இருக்கு? ...இல்ல, விஷயம் அது இல்ல. அந்தப் பின்னறைக் கம்ப்யூட்டரு... அது வந்து... நான்தான் அமுக்கினேன். நீ இல்ல. நான்தான். ...இருக்கியா? ...என்னது, தெரியுமா? எப்பலேருந்து? ...அன்னிக்கேவா! அப்ப ஏன்டி வாயைத் திறக்கலை? ...ம். ...ம். ஆமா. பேச விட்டிருக்க மாட்டேன்தான்.

ஆமா, ஒருத்தர் இருக்காரு. பஸ் ஓட்டுற அண்ணன். ...அவர்கிட்டயா? அண்ணே, உங்ககிட்ட குடுக்கச் சொல்றா. நான் உங்ககிட்டயும் ஒத்துக்கிட்டேனான்னு கேக்கணுமாம். எம்மேல அவ்வளவு நம்பிக்கை! புடிங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

...ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன், என்ன இவ்வளவு நேரம்? படிக்கட்டு விஷயத்தை எல்லாம் ஏண்ணே சொல்றீங்க! ...சிரிக்கிறாளா? அவளா? போனைக் கொஞ்சம் காட்டுங்க, நானும் கேக்குறேன். ...சரி, சரி, நான் பேசலை.

என்ன சொல்றா? வர்றாளா? உங்க கண்ணைப் பாக்கவா... என்னைப் பாக்க இல்லியாம், உங்க கண்ணைப் பாக்கத்தானாம்! வரட்டும்ணே, எதுக்கு வந்தா என்ன. திங்கக்கிழமை அந்தக் கடைக்குப் போறாளான்னு... வேண்டாம், அதை நான் நேர்ல கேட்டுக்கறேன்.

அப்டேட்டைப் பத்தி அவளைக் கேளுங்க, மணி மூணு அம்பத்தாறு! ...முதல்ல கஸ்டமர் கணக்கைக் காப்பி எடுக்கணுமா? காலையிலேருந்து மூணு தடவை எடுத்தாச்சு, மூணு பென்டிரைவும் இடுப்புல சொருகியிருக்கு, இருந்தும் பயம் போகலைன்னு சொல்லுங்க. ...அப்ப போடலாமா? எதாவது ஆனா அவ பாத்துக்குவாளா? நிஜமாவா?

...ம். அமுக்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே. இதையும் நான்தான் அமுக்கினேன்னு சொல்லுங்க.