கொழும்பிலிருந்து மூணு மணி நேரம்

கமருன்னிசா: கொழும்புக்கும் நம்ம செம்பட்டு ஏரோடிரோமுக்கும் எவ்வளவு தூரம்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே.

ரசூல்: முன்னூறு மைலுக்குள்ள இருக்கும்மா.

கமருன்னிசா: போட் மெயில்ல வந்தா?

ரசூல்: கப்பல், ரயில்னு மாறி... ராவும் பகலும் ஆகும்.

கமருன்னிசா: பிளேன்ல?

ரசூல்: மூணு மணி நேரம்கூட ஆகாதாம்.

கமருன்னிசா: அத்தா மவுத்துன்னு சேதி போனதும், விடிஞ்சதும் பிளேன் ஏறிடறேன்னு எம் புள்ள மீரான் தந்தி கொடுத்தான். இப்ப மத்தியான லுஹர் பாங்கே சொல்லியாச்சு.

ரசூல்: எதிர்க்காத்து அடிச்சா... முன்னப்பின்ன ஆகும்.

கமருன்னிசா: ஏரோடிரோமுக்குத்தானே போனீங்க?

ரசூல்: அங்கதான் போனேன். கம்பியில்லாத் தந்தி பார்க்கிற ஸ்ரீரங்கத்து ஐயங்காரைப் பார்த்தேன். நல்ல மனுஷன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு...

கமருன்னிசா: உங்க கையையா? எட்டி நின்னு பேசுறவர்னு சொல்வீங்களே.

ரசூல்: வெயில்ல... மறந்திருப்பாரு.

கமருன்னிசா: என்ன சொன்னாரு?

ரசூல்: வரும்னாரு. கடல் தாண்டணும்ல.

கமருன்னிசா: ராட்டினத்துல ஏத்தினாலே வாந்தி எடுக்கிற புள்ள.

ரசூல்: எம் புதுச் சட்டையை நாறடிச்சானே! இறக்கிவிடு மாமான்னு ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

கமருன்னிசா: அவன் பறந்து வரான் பாருங்க... அத்தா முகத்தைப் பார்க்க.

ரசூல்: கமரு... ஜமாத்துல கேக்கிறாங்க. நேத்து பொழுது சாஞ்சு மஹ்ரிபுக்குப் போன உசிரு. மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதும்மா.

கமருன்னிசா: காலையில நான் என்ன சொன்னேன்?

ரசூல்: புள்ள முகம் பார்க்காம மய்யித்தைச் சந்தூக்குல வச்சுத் தூக்கினா வாசல்ல குறுக்கே படுத்துக்குவேன்னே. ஊர்ப் பெரியவங்களே திரும்பிப் போனாங்க.

கமருன்னிசா: ம்.

ரசூல்: நியாயந்தான். ஆனா சாயங்காலம் அசருக்கு முன்னாடியாவது...

கமருன்னிசா: எடுத்துடுங்க.

ரசூல்: என்னது?

கமருன்னிசா: இப்பவே எடுத்துடுங்கண்ணே.

ரசூல்: மீரான் வந்து கேட்டா...

கமருன்னிசா: வந்து கேப்பானா?

ரசூல்: வாசல்ல ஆளுங்க காத்திருக்காங்கம்மா, நான் போய்...

கமருன்னிசா: என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

ரசூல்: கடலுக்கு மேல வந்துட்டோம்னு பிளேன்லேருந்து ஒரு சேதி வந்துச்சாம். அதோட பேச்சே இல்லையாம்... மண்டபம் கரையிலேருந்து படகு விட்டுத் தேடறாங்க. அடக்கம் முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன். யாரும்மா உங்கிட்ட சொன்னா?

கமருன்னிசா: யாரும் சொல்லல. ராத்திரி பூரா உங்க மச்சான் கண்ணை நான் மூட மூட, அது திறந்துக்கிட்டே இருந்துச்சு. பஞ்சு வச்சேன், துணி கட்டினேன்... நிக்கல. வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. காலையில வெயில் வீட்டு முத்தத்துல இறங்கினப்போ, யாரும் தொடாம மெதுவா மூடிக்கிச்சு. புள்ள அவருகிட்ட வந்து சேர்ந்துட்டான் அண்ணே.