மெத்தையில் மூச்சுத் திணறிய மடிக்கணினி

பேசத் தெரியாதவன் என்று தெரிந்தும் என்னை மேடையேற்றிய தலைவர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பொறுமையையும் பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் எப்போது முடியும் என்று கதவோரம் காத்திருக்கும் தம்பிமார்களே! நம் குடியிருப்பு நூலகத்தின் பொறுப்பாளன் உங்களைப் பணிந்து வணங்குகிறேன்.

என்ன ஐயா, கேட்கவில்லையா? மன்னிக்கவும், என் குரலின் உச்சமே இதுதான்.

இன்றைய தீர்மானம் என்ன? நூலகத்தின் ஏழாண்டுப் பழைய மடிக்கணினியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவது. முன்மொழிந்தவன் யார்? அடியேன். பதினான்கு காரணங்களை எண்ணிட்டு வீடுதோறும் அனுப்பியவன் யார்? அடியேன். அதை எதிர்த்துப் பேச எழுந்திருப்பவன் யார்? சிரிக்காதீர்கள், அதுவும் அடியேனேதான்!

அந்தக் கணினி திறக்கப் பத்து நிமிடம் ஆகும். புத்தகம் தேடி வந்தவர், திரை தெளிவதற்குள் பாதி நாவலை நின்றபடியே படித்துவிடுவார். நடுவில் சூடேறி அணைந்துவிடும். ‘வயதாகிவிட்டது’ என்று முடிவுகட்டினேன். எழுபத்தொரு வயதில் நான் அப்படிச் சொல்லலாமா?

கழிப்பதற்குமுன் நூற்பட்டியலை நகலெடுக்கலாமென்று சென்ற வாரம் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அம்மையார் அடிப்பக்கத்தைக் கழற்றினார். விசிறி இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு இருந்தது.

“சார், இத எது மேல வச்சு வேலை பாக்குறீங்க?”

“சின்ன மெத்தை மேலம்மா. கீறல் விழக்கூடாதுன்னு நானே தச்சது.”

“கீறல் ஒண்ணுகூட விழல சார். மூச்சுதான் நின்னுபோச்சு! காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சு வச்சிருக்கீங்களே!”

வீட்டில் சொன்னேன். “அதுக்கு மெத்தை தச்சீங்க. நான் ரெண்டு வருஷமா தலகாணி உறை கேக்குறேன்!” என்றாள் மனைவி.

மறுநாள் கடைக்குப் போய், “புதுசு வாங்கிடலாமா?” என்று கேட்டேன்.

“புதுசு விக்கிறதும் நான்தான் சார். மதர்போர்டு போயிருந்தா வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். இது நல்லாருக்கு. பழைய டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் போட்டு, ரேம் கொஞ்சம் கூட்டினா மூணு வருஷம் ஓடும்.”

அன்பர்களே! திரை தேய்ந்ததா? இல்லை! விசை ஓய்ந்ததா? இல்லை! மதர்போர்டு மாய்ந்ததா? இல்லவே இல்லை! தவறியது என் புத்தி, தண்டனை அதற்கா? புதியது வாங்கினால் இவ்வாண்டு ஒரு புத்தகமும் வாங்க முடியாது. அதுகூடப் போகட்டும். பழுது எங்கே என்று பாராமல் பொருளை மாற்றியிருந்தால், புதியதையும் அதே மெத்தையில் வைத்து நானே கொன்றிருப்பேனே!

என்ன தம்பி? ‘அப்ப பொறுப்பாளரையே மாத்திடலாமே’ என்கிறீர்களா? நானும் அதை நினைத்தேன். அந்த நூலகம் இல்லாமல் என் பகல்பொழுது எப்படிப் போகும் என்று தெரியவில்லை. ஆனாலும் விலகல் கடிதம் எழுதி வந்திருக்கிறேன். இரண்டையும் உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

கணினியைப் பழுதுபார்க்கச் சம்மதிப்போர் கை உயர்த்துங்கள். இறக்காதீர்கள், எண்ணவேண்டும்... நாற்பத்திரண்டு. நிறைவேறியது!

அடுத்து, நான் விலகவேண்டும் என்போர்?

ஒரே ஒரு கை. என் மனைவியுடையது.

நீ என்னை வீட்டிலிருக்கச் சொல்வது புரிகிறதம்மா. ஆனால் சபை சொல்லிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு நூலகம் திறந்திருக்கும். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், உயராமல் இருந்த உங்கள் கைகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.