மினுங்காத மண்டை

"விட்டில் பூச்சிக் கண்ணு மாதிரி என் மண்டை இருந்திருந்தா, இந்நேரம் கல்யாணமே முடிஞ்சிருக்கும்டா!"

பொம்மிடியில் ரயிலேறிய வழுக்கைக்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் கல்லூரிப் பையோடு அவருடைய அக்கா மகன்.

"நாம அனுப்பின மூணு போட்டோவுலயும் தலை மினுக்கத்துல மூஞ்சியே தெரியலைங்களாம் மாமா. பொண்ணு வூட்ல நாளைக்குக் கடைசியா ஒண்ணு கேக்கறாங்க."

"பூச்சிக் கண்ணு மட்டும் ஏன்டா மினுங்கறதில்ல?"

"கண்ணு மேல பொடிப்பொடியா மேடுங்க. வெளிச்சம் திரும்பி அடிக்காம உள்ள போயிடும். அதைப் பாத்துதான் சோலார் தகட்டுக்கே பூச்சு செய்யறாங்க."

"பொடி மேடுதானே? ராகி மாவு தடவிக்கறேன். நம்ம நிறத்துக்கும் ஒத்துவரும்."

"மாவுத் துகளு அதுக்கு ரொம்பப் பெருசுங்க மாமா."

மாமா தலையைத் தடவியபடி யோசித்தார்.

"வூட்டுக்குப் போனதும் மூணு தடவ சலிச்சிப் பாப்போம்."